தேன்சிட்டுக் கூடு

தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்த தாவரவியல் ஆசிரியர் ஞானசிகாமணியின் நினைவுக் கூட்டத்தில் மகன் எழில்மாறன் பேசினான்.

"நான் பொறக்கறதுக்கு முன்னால அப்பாவோட ஸ்கூட்டர்ல தேன்சிட்டு கூடு கட்டிருச்சாம். குஞ்சு பறக்கற வரைக்கும் வண்டியத் தொடவே இல்லையாம்."

கூட்டம் நெகிழ்ந்தது. முன்வரிசையிலிருந்து அம்மா தில்லைநாயகி எழுந்துவந்து மைக்கை வாங்கினாள்.

"அப்ப உனக்கொரு அக்கா இருந்தா. ரெண்டு வயசு. ஜன்னி கண்டுருச்சு. வண்டிய எடுங்கன்னு கால்ல விழுந்தேன். குஞ்சு இன்னும் கண்ணு தெறக்கலேன்னார். ஆஸ்பத்திரி நாலு மைல். தூக்கிட்டு நடந்தேன். பாதி வழியில தோள்லயே அடங்கிட்டா."

மகன் மைக்கை வாங்கக் கை நீட்டினான்; அவள் தரவில்லை.

"அவளப் புதைச்ச ஒம்பதாம் நாள் ரெண்டு குஞ்சும் பறந்துச்சு. உங்கப்பா சந்தோஷத்துல அழுதார்" என்றவள், மைக்கை அவனிடமே நீட்டினாள்.