இருநூற்றோராவது தடவை

“செஞ்சிக்கோட்டை, பாண்டின்னு எரநூறு தடவ போயிருக்கேன். இன்னிக்கு எதுக்கு என்னையும் இழுக்கறீங்க?” காரில் சலித்துக்கொண்டார் காசி.

“கோட்ட மேல என்னப்பா இருக்கு?” என்றாள் மகள் இனியா.

“தெரியாது.”

“பாண்டியில கடல்?”

“கால் நனச்சதில்ல.”

“அப்புறம் என்னத்த பாத்தீங்க?” என்றாள் மனைவி உண்ணாமலை.

செஞ்சி மலையடிவாரத்தில் அம்மாவும் மகளும் இறங்கினார்கள். காசி வழக்கம்போல் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். இருபத்தைந்து வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். வண்டியை விட்டு நகர்ந்ததே இல்லை.

இனியா சாவியை ஆட்டிக் காட்டினாள். “எறங்குப்பா. இன்னிக்கு டிரைவர் நான்.”

உச்சியிலிருந்து பார்த்தபோது, அவர் வழக்கமாக வேன் நிறுத்தும் இடம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது.

சாயங்காலம் பாண்டியில், முழங்கால் அலையில் நின்றபடி, கரையோர வேனுக்குள் படுத்திருந்த யாரோ ஒரு டிரைவரைப் பார்த்துக் காசி கத்தினார்: “யோவ், வண்டிய பூட்டிட்டு எறங்கி வாய்யா!”