பத்திரிகையில் மிஞ்சிய இரண்டு பெயர்

கல்யாணம் முடிந்துபோன ஒரு கல்யாணப் பத்திரிகை, படகு மெக்கானிக் மிக்கேலின் மேஜையில் கிடந்தது. தடித்த அட்டை, தங்க எழுத்து. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்தில் ஒரு கிழட்டுப் படகு என்ஜின். அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைக்கும் பேக்கிங் அட்டை கிழிந்து காற்று புகுந்ததால், மூன்று நாளாக இருமிக்கொண்டே இருந்தது. இன்றும் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகப் படகுக்காரர் சொல்லிவிட்டார்.

மிக்கேல் பத்திரிகையை எடுத்து, கார்புரேட்டரின் வாயில் வைத்து, விளிம்பு பதியும்படி சுத்தியலால் மெல்லத் தட்டினார். பதிந்த கோட்டின் மேல் கத்தரி ஓடியது.

“ஐயோ, பெரியப்பா போயிட்டாரே! அவரு பி.ஏ., பி.எல். ஆச்சே!” என்று அலறியது பத்திரிகை.

அடுத்த வெட்டில் தாய்மாமன்கள் ஐந்து பேரும் விழுந்தார்கள். போல்ட்டுக்கு ஓட்டை போட்டபோது மண்டபமும் விருந்து நேரமும் போயின. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அழுதது பத்திரிகை.

“எல்லாம் சரி, கல்யாணம் யாருக்கு?” என்று கேட்டது என்ஜின்.

பத்திரிகை அப்போதுதான் தன்னைப் பார்த்தது. மிஞ்சியிருந்த பட்டையில் இரண்டே பெயர்கள்: அமலி, சூசை.

“அடடா, இவங்கள மறந்தே போயிட்டேன்!” என்றது.

மிக்கேல் அதை என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைத்து போல்ட்டுகளை முறுக்கினார். கயிற்றை இரண்டாம் தடவை இழுத்ததும் என்ஜின் இருமாமல் ஓடியது. தரையில் சிதறிக் கிடந்த பெரியப்பாவையும் மாமன்களையும் அவர் கூட்டி அள்ளினார்.

உள்ளே அமலியும் சூசையும் இறுகிக் கிடந்த இடத்தில் காற்று நுழைய வழியே இல்லை.