கொக்குக்கு அம்மை போட்ட படம்

ஏரிக்கரைப் பக்கம் ஒரு கேமராவுக்கும் ஒரு கொக்குக்கும் நல்ல பழக்கம். படம் வாங்கி விற்கிற ஒரு இணையதளத்துக்குக் கொக்கின் படத்தைக் கேமரா இரண்டு தடவை அனுப்பியது. இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதும் திரும்பி வந்தால் அப்புறம் அங்கே இடமில்லை.

"என் முதுகுத் திரையில் பளிச்சென்று இருக்கே அண்ணே!"

"தீப்பெட்டி அளவில் பார்த்தா எல்லாரும் அழகுதான். பெரிசாக்குடா தம்பி" என்றது கொக்கு.

பெரிசாக்கினால் இறகெல்லாம் மணல் தூவினமாதிரி புள்ளி.

"முதல் படத்தில் எனக்கு அம்மை. அடுத்ததில் புள்ளியோடு இறகையும் துடைச்சு மெழுகுபொம்மை ஆக்கிட்டே!"

"சாயங்காலம் வெளிச்சம் பத்தலைன்னு ஒளியுணர்வை, அந்த ஐ.எஸ்.ஓ.வை, ஏத்தினேன். அதான் புள்ளி."

"ஏத்தாதே. கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்து வெச்சு மெதுவா எடு."

"ஆடிடுமே!"

"அப்போ ஸ்டாண்டில் ஏறு."

"நானா? அது கை நடுங்குறவங்களுக்கு."

"நான் ஒத்தைக் காலில் நிக்கிறேன். உனக்கு மூணு கால் கிடைக்குது, வெட்கமாக்கும்?"

கேமரா ஸ்டாண்டில் ஏறியது. ஐ.எஸ்.ஓ.வை அடிவரை இறக்கியது. மூன்று சாயங்காலம் காற்று விடவில்லை, கேமராவும் இறங்கவில்லை. நாலாம் நாள் காற்று அடங்கியது. கொக்கு மூச்சைப் பிடித்தது. கேமரா கண்ணை மெல்லத் திறந்து, மெல்ல மூடியது.

கொக்கு திரையை எட்டிப் பார்த்தது. "பிரமாதம்! அனுப்புடா."

"இருங்க அண்ணே," என்றது கேமரா, "பெரிசாக்கிப் பார்த்துடுறேன்."