விருமாண்டி போட்ட ரகசிய ஓட்டு

ஜில்லா போர்டுத் தேர்தலில் பண்ணையார் வெள்ளைத்துரை நின்றார். அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி; பச்சைப் பெட்டி அவருடையது; மஞ்சள் பெட்டி எதிராளியுடையது. கண் தெரியாத குத்தகைக்காரர் விருமாண்டியைத் தம் வில்வண்டியிலேயே எழுமலை ஓட்டுச்சாவடிக்கு ஏற்றிவந்தார். ஜனநாயகத்தின் மேல் அவ்வளவு பாசம்!

“அதிகாரி கையப் பிடிச்சுக் கூட்டிப்போவாரு. பச்சைப் பெட்டின்னு எங்க ஏஜெண்டு காதுல விழுற மாதிரிச் சொல்லணும். மாத்திச் சொன்னே, குத்தகை நெலம் கெடையாது.”

“சரிங்கய்யா.”

உள்ளே போன விருமாண்டி, “யாரு தொணையும் வேணாம் சாமி, நானே போட்டுக்கிறேன்” என்று திரைக்குப் பின்னால் தடவிக்கொண்டே போய்விட்டார்.

அவர் வெளியே வந்ததும் பண்ணையார் பதறினார். “எதுலடா போட்டே?”

“எனக்கென்ன தெரியும்யா? ரெண்டும் தகரம், ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓட்டை.”

நிலத்தைப் பிடுங்கவும் வழியில்லை, நம்பவும் மனசில்லை. பண்ணையார் பல்லைக் கடித்தார்.

வீட்டில் மனைவி ஒச்சாயி கேட்டாள்: “நெசமாவே தெரியலையா?”

“தெரியாம என்ன? செயிக்கணும்னு காலையிலயே தன் பெட்டிக்குப் பூசை போட்டு, அம்புட்டுச் சந்தனத்தை அப்பி வச்சிருக்காரு. மணக்காத பெட்டியாப் பாத்துப் போட்டுட்டு வாரேன்.”