எதிர்வீட்டுப் பாப்பாவுக்கும் போட்டாச்சு

"இந்தத் தெருவுல எல்லாக் குழந்தைங்களுக்கும் தடுப்பூசி போட்டாச்சு. உங்க வீடு மட்டும்தான் பாக்கி" என்றாள் நர்ஸ்.

பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்ற தாய், இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எதிர்வீட்டுப் பாப்பாவுக்குமா?"

"முதல் ஆளா வந்து போட்டுக்கிட்டாங்க."

நர்ஸுக்கு இது கைவந்த வித்தை. போட்டுக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கண், காது, மூக்கு வைத்தது நர்ஸ். தான் மட்டும் தனியாக நின்றுவிடுவோமோ என்ற பயத்தில், எப்பேர்ப்பட்ட முரண்டும் வழிக்கு வந்துவிடும்.

இந்தத் தாயும் வழிக்கு வந்தாள். ஆனால் முகம் சுண்டிப்போயிற்று.

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே சிஸ்டர். அவர் ஜெயிலுக்குப் போனதுலேருந்து யாரும் பேசறதில்லதான். பிள்ளை விஷயத்துலயாவது கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்."

நர்ஸுக்கு என்னவோ போலாகிவிட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கதவைச் சாத்திவிடுவாளோ?

சொல்லவில்லை.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டது குழந்தை அழுததற்காக இல்லை.

நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தாய் குழந்தையோடு வாசலிலேயே நின்றாள்.

அன்று அந்தத் தெருவில் நர்ஸ் தட்டிய முதல் கதவு அதுதான்.

இரண்டாவது, எதிர்வீடு.

தட்டாமல் போய்விடலாமா என்று நினைத்தாள். உள்ளே ஐந்து மாதக் குழந்தை இருந்தது. தட்டினாள்.

"ஊசியா? ஐயோ, பயமா இருக்குங்க. இந்தத் தெருவுல யாராச்சும் போட்டிருக்காங்களா?"

எதிர்வீட்டுக்காரிக்கு வெண்கலத் தொண்டை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

நர்ஸுக்கு முதுகு பற்றி எரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து வந்தது.

"என் பிள்ளைக்கு இப்பத்தான் போட்டாங்க. கொஞ்ச நேரம் அழுதான், அவ்வளவுதான். பயப்படாம போடுங்கக்கா."

எதிர்வீட்டுக்காரி அவளையே பார்த்தாள். பிறகு நிலைப்படியை விட்டு விலகி நின்றாள்.

"உள்ள வா."

நர்ஸைத் தாண்டிப் போகும்போது தாய் ஒரு கணம் நின்றாள். குரலில் கோபமே இல்லை.

"அடுத்த வீட்டுக்கும் நானே வந்து சொல்றேன் சிஸ்டர். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."