கோப்பையோடு போன டஸ்டின்

எல்லாரும் சௌக்கியமா? மூட்டு வலி தேவலையா? எங்க கென்டக்கி ஊர்ல நடந்ததைக் கேளுங்க.

போதை மீட்பு கிளினிக்குக்குள் டஸ்டின் தயங்கித் தயங்கி வந்தான். நர்ஸ் ரோண்டா நிமிர்ந்தாள்.

"என்னடா, இப்படித் தயங்குற?"

"என்னால முடியுமா, மிஸ் ரோண்டா? நான் கிடந்த கிடப்பை ஊரே பார்த்திருக்கு."

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இந்தா."

அவள் நீட்டிய காகிதக் கோப்பையோடு அவன் நேராகக் கழிவறைக்கு நடந்தான்.

"எங்கடா போற?"

"யூரின் டெஸ்டுக்குத்தானே? எப்பவும் கேப்பீங்களே!"

ரோண்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "காபிக்குடா அது! நீதான் குணமாயிட்டியே. இன்னிக்கு இங்க வேலைக்குல்ல வந்திருக்க!"

அப்போது சிகிச்சைக்காக ஒரு பெண் தயங்கியபடி உள்ளே வந்தாள். டஸ்டின் காபியை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"பயப்படாதீங்க, இது குடிக்கத்தான்."

உங்க முதல் நாள் வேலையில என்ன கூத்து நடந்துச்சு? எழுதுங்களேன்.