அம்மா பட்ட பாடுகள்

"ஆய்வகத்தில் குடுவை பிடித்த கை, பேனா பிடிக்கத் துணிந்தமையைப் படிப்போர் பொறுத்தருள வேண்டுகிறேன். பிழைக்க வந்த நாட்டின் தையல் ஆலையில் என் தாயார் சிந்திய கண்ணீரும், அதில் வளர்ந்த இரண்டாம் தலைமுறையின் வாழ்வுமே இந்த நாற்பத்து நான்கு கட்டுரைகள்."

முன்னுரையை வாசித்து முடித்த மகள், உறுதிமொழித் தாளை அம்மாவின் முன் நகர்த்தினாள். 'கூறியவை யாவும் உண்மை' என்ற வரியின் கீழ் அம்மா கையெழுத்திட்டால்தான் பதிப்பகம் நூலை அச்சுக்கு அனுப்பும். இன்று மாலையே கடைசிக் கெடு.

அம்மா பேனாவை எடுத்தாள், வைத்தாள். "கண்ணாடியக் காணோம்மா."

"உன் மூக்கு மேலதான் இருக்கு."

அடுத்த அறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "போட்டுக் குடேன். அந்த ஃபேக்டரி சூப்பர்வைசர் இப்படிக் கொடுமைக்காரன்னு இவ எழுதினதைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருப்பியா, அழுத்தக்காரி!"

அம்மா தலைகுனிந்தாள். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுத்தே கதி என்று வேதியியல் ஆய்வகத்தை உதறி ஓராண்டாகிறது. அவள் இருந்த இடத்தில் வேறொருத்தி அமர்ந்துவிட்டாள். இந்தப் புத்தகம் நின்றுபோனால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

"அந்தாளுக்கு இப்பவுமா பயப்படுற? அவன் என்ன பண்ணிடுவான்?"

"அவரு என்னம்மா பண்ணுவாரு, பாவம்."

"பாவமா? உன்னை அழ வெச்சவன்!"

அம்மா பேனாவை மெல்ல மூடினாள். "தங்கமான மனுஷன்டி அவரு. உன்னைப் பெக்க வலி எடுத்தப்போ, அவரு கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

மகள் கட்டுரைக் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அப்போ என்கிட்ட ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேலைய விட்டுட்டு வாராவாரம் நோட்டோட வந்து உக்காருவ. 'கஷ்டம் சொல்லும்மா, கஷ்டம் சொல்லும்மா'ன்னு பிடுங்கி எடுப்ப. உன்னை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

"எது எது நிஜம்?" மகள் கட்டுரைக் கட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணைத் தூக்கிப் போட்டுடும்மா. நான் நிஜமாப் பட்ட கஷ்டம் மூணு கட்டுரையிலேயே தீந்துபோச்சு."